சத்தியமா, குறைந்த தீமையா? ஒரே கதை, இரண்டு மேசைகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை நடத்துபவன் நான். ஒரே கதையை ஈரோட்டில் ஒரு குழுவுக்கும் திருப்பூரில் ஒரு குழுவுக்கும் நடத்தினேன். கதைக்கரு நொய்யல் ஆறு. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதனால் பலர் பிழைப்பிழந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தவை. அதையே மந்திர உலகத்துக்கு மாற்றினேன். மேலே ஒரு சூனியக்காரியின் சாயத்தொட்டிகள், அவற்றை நம்பி 300 குடும்பங்கள். கீழே கிணறு கெட்டுப்போன தோட்டங்கள்.

ஈரோட்டு மேசைக்குப் பழைய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதி. 1974இல் அந்த விளையாட்டு வந்தபோது பாத்திரத்தின் குணத்தைக் குறிக்க ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று சார்புகள்தான். நன்மை, தீமை பிறகு சேர்ந்து, 1978 விதிநூலில் ஒன்பதாயின. அந்த நூலின்படி, பாலடின் என்னும் புனித வீரன் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அந்தத் தகுதியையே நிரந்தரமாக இழப்பான்.

திருப்பூர் மேசைக்கு 2015இல் வந்த 'விட்சர் 3' கணினி விளையாட்டின் வழி, அதாவது இரண்டு தீமைகளில் குறைந்ததைத் தேர்வது. அதில் ஒரு மரத்துக்குள் அடைபட்ட ஆவி, விடுவித்தால் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஒரு கிராமம் அழிகிறது. கொன்றால் கிராமம் பிழைக்கிறது, குழந்தைகள் காணாமல் போகிறார்கள். விளைவு முழுவதும் அந்த இடத்தில் தெரியாது, வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேரும்.

ஈரோட்டில் அரை மணி நேரத்தில் கதை முடிந்தது. சூனியக்காரி தீயவள் என்று விதியே சொல்லிவிட்டது. பாலடின் தொட்டிகளை உடைத்தான். மூட்டை முடிச்சோடு 300 குடும்பங்கள் சாலையில் போவதை நான் விவரித்தபோது, பாலடினாக ஆடிய தம்பி, பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தன் தாளைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, என் சக்தி போகவில்லைதானே?" என்று கேட்டான். எனக்கு மனசு வலித்தது. தப்பு அவனுடையதல்ல. அறத்தைக் கணக்கேடாக்கினால், கணக்குச் சரியாக இருக்கிறதா என்றுதான் யாரும் பார்ப்பார்கள்.

திருப்பூரில் முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் போனது. பட்டறைக் கூலியும் கிணற்றுத் தண்ணீரும் அறிந்தவர்கள் அல்லவா, உயிரைக் கொடுத்து வாதாடினார்கள். இரண்டாம் மணியில் சலித்துவிட்டது. "எதைச் செய்தாலும் பாவம்தான், பகடையை உருட்டுங்கள்" என்றார் ஒருவர். இருபது முகப் பகடை எவர்சில்வர் தட்டில் உருண்டு ஒரு ஊரின் தலையெழுத்தை முடிவு செய்தது. குறைந்த தீமை என்ற வழியில் என் பெரிய மனக்குறை இதுதான். கதையை எழுதியவர் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். 'மாட்டேன்' என்று சொல்ல இடமில்லை.

செலவில்லாத மூன்றாம் வழியும் உதவாது. 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' விளையாட்டில், பேய் பிடித்த சிறுவனைக் கொல்வதா, அவன் தாயைப் பலியிடுவதா என்று நெருக்குவார்கள். ஆனால் மந்திரவாதிகளின் துணை இருந்தால் இருவருமே பிழைத்துவிடலாம். அது தெரிந்தபின் அந்த நெருக்கடிக்கு என்ன கனம் இருக்கிறது?

ஆகவே என் தேர்வு இரண்டையும் பிரித்து வைப்பது. சத்தியம், அதாவது மீறமாட்டேன் என்ற உறுதி, வீரனுக்கு இருக்கட்டும், உலகத்துக்கு வேண்டாம். எது தீமை என்று விதிநூல் சொல்லக்கூடாது. தான் எதைச் செய்யமாட்டேன் என்பதை ஆடுபவரே முதல் நாளில் எழுதி வைக்கட்டும். அந்தச் சொல்லைக் காக்க எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அதற்குப் பெரிய விலையும் வேண்டும்.

மூன்றாம் முறை கோபியில் அப்படி நடத்தினேன். சாயப்பட்டறைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "யார் சோற்றிலும் கைவைக்கமாட்டேன்" என்று எழுதியிருந்தாள். தொட்டிகளின் முன் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பத்து வாரம் பாடுபட்டுச் சேர்த்த மந்திர வாளை விற்று, கழிவைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டக் கொடுத்தாள். பணம் பாதித் தொட்டிக்குத்தான் போதுமானதாக இருந்தது. தாளில் வாளின் பெயரை அவள் அடித்த கோடு அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது. மீதித் தொட்டிக்காக இன்னும் வெறுங்கையோடுதான் ஆடிக்கொண்டிருக்கிறாள்.