200 லிட்டர் பவளத் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர்?

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி பவளத் தொட்டி ஓடுகிறது. கீழே கருவிகள் நிற்கும் சின்னத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 200 லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டு நெமோ, ஒரு கோபி மீன், மற்றபடி மென்பவளங்கள். தண்ணீரில் கரைந்த அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவிதான் ஸ்கிம்மர். முதலில், 600 லிட்டர் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்த ஸ்கிம்மரை வைத்தேன். இப்போது இருப்பது 300 லிட்டருக்கானது. இரண்டையும் இதே தொட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு சின்னதுக்குத்தான்.

விலை, கரண்ட், சம்ப்பில் அடைக்கும் இடம், இவற்றில் எல்லாம் சின்னது லாபம் என்று சொல்லத் தேவையில்லை. பெரிதாக வாங்கினால் அழுக்கை அதிகமாக எடுக்கும் என்று நினைத்துத்தான் நாம் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

மிச்ச உணவிலும் மீன் கழிவிலும் இருந்து கரைகிற புரதம், ஸ்கிம்மரின் நுண்குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. நுரையை உடையாமல் பிடித்து நிறுத்துவதும் அதே புரதம்தான். அது போதாவிட்டால் குமிழிகள் மேல்குழாயான கழுத்தைத் தாண்டி, அழுக்கு சேரும் கோப்பைக்குள் விழும் முன்பே உடைந்து, அழுக்கு மறுபடி தண்ணீரிலேயே விழுந்துவிடும். பழைய ஸ்கிம்மரின் கழுத்து 10 சென்டிமீட்டர் அகலம், புதியது 6. பரப்பைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். மூன்று குட்டி மீன்களின் கழிவு அவ்வளவு அகலமான வாயை நுரையால் நிரப்பவே இல்லை. கோப்பை நாள்கணக்கில் காய்ந்து கிடந்தது.

நுரை ஏறட்டும் என்று ஸ்கிம்மருக்குள் நீர்மட்டத்தைக் கூட்டினேன். வெளிறிய டீ நிறத்தில் உப்புத் தண்ணீர்தான் கோப்பை கோப்பையாக வந்தது. அந்த இழப்பை, மட்டம் குறைந்தால் தானாகத் தண்ணீர் விடும் ஆட்டோ டாப்-அப் உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போக, 1.025-இல் இருந்த உப்படர்த்தி 1.022-க்கு இறங்கி, பவளங்கள் சுருங்கிவிட்டன. கடலோர ஊர் என்றால் கடல் தண்ணீர் பிடித்து வரலாம். நமக்கு ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைப்பதுதான் வழி, சிந்துகிற ஒவ்வொரு லிட்டரும் காசு.

சின்னது பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது. அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கோப்பை கெட்டியான கரும்பழுப்புச் சாறு தவறாமல் வருகிறது. அன்றைக்கே கழுத்தின் உள்பக்கத்தையும் துடைத்துவிடுகிறேன், வழவழப்பு படிந்தால் நுரை ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரை வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு போய்விடும்.

சம்ப்பில் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்பது இரண்டுக்கும் முக்கியம். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் பகுதிக்குத் தனித் தடுப்பு வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆறேழு மீன், அதிலும் டேங் (tang) மீன் மாதிரி நிறையத் தின்று நிறையக் கழிக்கிறவை இருந்தால் நான் சொன்னது பொருந்தாது. கடின வகைப் பவளங்களை நான் வளர்த்ததில்லை, அதனால் அவற்றுக்கு எது சரி என்று சொல்ல வரவில்லை. பழைய ஸ்கிம்மரில் பழுது எதுவும் இல்லை. ஐந்தடித் தொட்டியில் இரண்டு டேங் வளர்க்கும் நண்பர் வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் அதன் கோப்பை தினமும் நிறைகிறது.