வெள்ளத்துல முங்குன காரை என் தலையில கட்டிட்டான். 3,85,000 ரூபாய் போச்சு. பழைய வண்டி வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

மணி ராத்திரி பதினொண்ணரை. சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தக் கடையில இருந்து வந்தேன், இன்னும் கை நடுக்கம் நிக்கல. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கடைப் பேரைப் போட வேண்டாம்னு என் மச்சினன் சொல்லிட்டான், அதனால போடல. திருநெல்வேலி பைபாஸ் ரோட்டுல பழைய கார் விக்கிற கடைங்க வரிசையா இருக்குல்லா, அதுல ஒண்ணு. செல்போன்ல பழைய சாமான் விக்கிற ஆப்ல விளம்பரம் பாத்துட்டுத்தான் போனேன். வெள்ளைக் கலர் சின்ன வண்டி, 2018 மாடல், 41,000 கிலோமீட்டர் ஓடுனதுன்னு போட்டிருந்தான்.

மூணு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபாய். ரெண்டு லட்சம் சீட்டு எடுத்தது. ஒன்றரை லட்சம் என் வீட்டுக்காரி வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சது. பாக்கி முப்பத்தஞ்சாயிரம் கடையில சேத்து வச்ச காசு. பாளையங்கோட்டையில சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்னு வாங்கிச் சேத்த காசு அது. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, பஸ் படி ஏற முடியல. அம்பாசமுத்திரத்துல இருக்கிற அக்காவைப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அதுக்காக வாங்குனதுதான்.

ஆவணி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்டுக்காரி, ஏழு வயசு மக, நான் மூணு பேருமா போனோம். வண்டியைக் கழுவித் துடைச்சு, நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டு நிறுத்தியிருந்தான். உள்ள மல்லிகைப்பூ சென்ட்டு. பின்சீட்டுல உக்காந்தேன். அந்த சென்ட்டுக்குப் பின்னால வேற ஒரு வாடை லேசா வந்துச்சு. எனக்கு அது தெரிஞ்ச வாடை. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழையில ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்தப்ப நாங்க சிந்துபூந்துறையில வாடகைக்கு இருந்தோம். தண்ணி வடிஞ்ச பொறவு மெத்தை, தலகாணி, மரப் பீரோ எல்லாத்துலயும் ஒரு வாடை அடிச்சிச்சு பாருங்க, ஈரச் சாக்கை மூட்டையாக் கட்டி வச்ச மாதிரி. அதே வாடை.

நான் வாயை விட்டே கேட்டேன். "அண்ணாச்சி, இது முங்குன வண்டியா?"

அவன் முகம் வாடிப் போச்சு. "என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய? வெள்ளத்துல எங்க குடோனும்தான் போச்சு. அந்தக் கஷ்டம் தெரிஞ்சவன் அதே பாவத்தைச் செய்வேனா? நாம ஒரே ஊர்க்காரங்க, நாளைக்கு ரோட்டுல முகம் பாக்க வேண்டாமா?"ன்னான். சொல்லிட்டு என் மக பக்கத்துல வந்து, அவ தலையில கையை வச்சு, "நெல்லையப்பர் சாட்சி, பச்சப் புள்ள தலையில கை வச்சுச் சொல்லுதேன், இது தண்ணி படாத வண்டி"ன்னான். பொறவு அவளைத் தூக்கிப் பின்சீட்டுல உக்கார வச்சு, கையில ஒரு சாக்லேட்டும் குடுத்தான். அவ சிரிச்சா. என் சந்தேகம் அந்த இடத்துல செத்துப் போச்சு.

மெக்கானிக்கா இருக்கிற என் சேக்காளி அன்னைக்கு மதுரைக்குப் போயிருந்தான். நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன். "தென்காசிப் பார்ட்டி மூணு மணிக்கு டோக்கன் போட வாரான், உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்"ன்னான். பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்தேன். ரெண்டு நாள்ல பாக்கியும் குடுத்தாச்சு. மொத்தம் 3,85,000.

ஆவணி, புரட்டாசியில வெயில் இருந்ததால பெருசாத் தெரியல. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் கண்ணாடியை ஏத்தி ஏசி போட்டு ஓட்ட வேண்டியதாச்சு. அப்பத்தான் வந்தது வினை. அம்பாசமுத்திரம் போற வழியில பேட்டை தாண்டும்போதே மக தும்ம ஆரம்பிச்சா. பத்தமடை வரும்போது இருமல். வீரவநல்லூர்ல வண்டியை ஓரங்கட்டுனேன். புள்ளைக்கு மூச்சு விசில் மாதிரி வருது. நெஞ்சுக்குழி உள்ள வாங்குது. வீட்டுக்காரி அழுதுட்டா. எனக்கும் கண் எரிச்சல், தலைவலி. மழைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சோம். அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில ஆவி வச்சாங்க. அதையும் சேத்து மூணு வாரத்துல மூணு தடவை ஆவி வச்சாச்சு.

ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு குழந்தை டாக்டரம்மா. அவங்க கேட்ட ஒரு கேள்விதான் எங்க கண்ணைத் திறந்துச்சு. "வீட்ல இருக்கும்போது வருதா, எங்கயாவது போனா வருதா?" யோசிச்சுப் பாத்தா மூணு தடவையும் கார்ல போன அன்னைக்குத்தான். வாடையைப் பத்திச் சொன்னேன். அவங்க விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதுதேன். துணி, பஞ்சு, ஃபோம் எல்லாம் ஒண்ணு ரெண்டு நாள் ஈரமா இருந்தாலே பூசணம் பிடிக்க ஆரம்பிச்சிடுமாம். அதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத வித்து தூசி மாதிரிப் பறக்கும். வீட்ல இருந்தா ஜன்னலைத் திறந்து விடலாம். கார்ங்கிறது சின்னப் பெட்டி. கண்ணாடியை ஏத்தி, காத்தை உள்ளேயே சுத்த விட்டா அந்தத் தூசியையே திரும்பத் திரும்ப மூச்சுல இழுக்கோம். மூக்கொழுகல், கண் அரிப்பு, இருமல் வரும். வீசிங் இருக்கிறவங்களுக்கு இழுப்பைக் கிளப்பி விட்டுரும். சிலருக்கு நாள்பட இழுத்துக்கிட்டே இருந்தா நுரையீரலே உள்ள வீங்கி, காய்ச்சலும் மூச்சு வாங்கலும் வருமாம். புத்துநோய்க்கு மருந்து ஏத்திக்கிறவங்க, உறுப்பு மாத்தி வச்சவங்க மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை நுரையீரல்ல தொற்றாவே போய் உக்காந்துரும்னாங்க. கறுப்பாப் பூத்தாத்தான் ஆபத்துன்னு நான் கேள்விப்பட்டிருந்தேன். அதெல்லாம் இல்ல, கலரை வச்சு எதையும் சொல்ல முடியாது, பூசணம்னா எடுத்துரணும், ஈரம் எங்க இருந்து வருதுன்னு பாத்து அடைக்கணும்னாங்க. வண்டியை நிறுத்துங்கன்னாங்க. நிறுத்துனோம். பத்து நாள்ல புள்ளைக்கு இருமல் நின்னுச்சு.

என் சேக்காளி வந்து வண்டியைப் பிரிச்சான். இந்தச் சோலியை முதல்லயே செஞ்சிருந்தா நான் இன்னைக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். முதல்ல பின்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தான். மேல பாதி புதுசு மாதிரி கறுப்பா இருக்கு, அடியில ஒரு சாண் தூரத்துக்குச் செம்மண் கோடு. சீட்டைக் கழட்டுனான். அடியில இருந்த கம்பி, போல்ட்டு எல்லாம் துரு. மேல இருந்த ஃப்ளோர் மேட் புதுசு. அதுக்குக் கீழ மேட்டிங், அதுக்கும் கீழ பஞ்சு மாதிரி ஒரு ஃபெல்ட் ஒட்டியிருக்கும். அதைக் கையால பிழிஞ்சான், தண்ணி சொட்டுச்சு. அந்த ஃபெல்ட் முழுக்க வெள்ளையும் பச்சையும் கறுப்புமாப் பூத்துக் கிடக்கு. என் புள்ளையை அவன் தூக்கி உக்கார வச்ச அதே சீட்டுக்கு அடியில.

எப்பவோ முங்குன வண்டியில இன்னும் எப்படிடே ஈரம் இருக்குன்னு கேட்டேன். டேஷ்போர்டுக்குப் பின்னால ஏசி கூலிங் காயில் இருக்கு. அதுல ஊறுற தண்ணி ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியா ரோட்டுல சொட்டணும். வெள்ளத்துச் சகதி அந்தக் குழாயை அடைச்சு வச்சிருக்கு. அதனால ஏசி போடும்போதெல்லாம் தண்ணி வெளிய போகாம மேட்டிங்குக்கு அடியில இறங்கியிருக்கு. காஞ்சு கிடந்த பூசணத்துக்கு நானே தினமும் தண்ணி ஊத்தியிருக்கேன். காயிலும் வழுவழுன்னு பூத்துப் போயிருந்துச்சு. ஏசி ஃபில்டரை உருவுனான், அதைப் பாத்ததும் வீட்டுக்காரி வாந்தி எடுத்துட்டா. நடுவுல கியர் பக்கத்துல இருந்த, ஏர்பேக்கை விரிய வைக்கிற பெட்டியில கூட வண்டல் படிஞ்சிருக்கு. "மாப்ள, அவசரத்துக்கு ஏர்பேக் விரியுமான்னு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது"ன்னான்.

ஆர்சியை அப்பத்தான் ஒழுங்காப் பாத்தோம். முதல் ஓனர் சென்னை வேளச்சேரி. 2024 பிப்ரவரியில ரெண்டாவது ஆள் பேருக்கு மாறியிருக்கு. 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி எப்படி மிதந்துச்சுன்னு டிவியில எல்லாரும் பாத்தோமே. சரி பண்ணுற செலவு காப்பீட்டு மதிப்புல முக்கால் பங்கைத் தாண்டுனா டோட்டல் லாஸ்னு எழுதிருவாங்க, அந்த வண்டிங்க ஏலத்துக்குப் போகும், அதை எடுத்துப் பட்டி பாத்து, சீட்டுக் கவர் மாத்தி தெற்க இறக்குதாங்கன்னு சேக்காளி சொன்னான். நம்ம ஊரும் முங்குன ஊருதான். நம்மகிட்டயே கொண்டு வந்து விக்கிதாங்க.

இனி அந்தக் கடைக்காரன் பண்ணுன கூத்தைக் கேளுங்க. முதல் போனுக்கு, "புது மழை அண்ணாச்சி, ஏசி வாடைதான், ஒரு சென்ட்டு பாட்டில் மாட்டுங்க சரியாயிரும்"ன்னான். ரெண்டாவது தடவை நேர்ல போனேன். ஒரு பையனை விட்டு பிளீச்சிங் தண்ணி தெளிச்சு, உள்ள ஒரு புகை டப்பாவைக் கொளுத்தி வச்சு, கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் கழிச்சுக் குடுத்தான். ரெண்டு நாள் பிளீச்சிங் வாடை, மூணாவது நாள் பழைய வாடை. டாக்டரம்மாகிட்ட சொன்னதுக்கு, பிளீச்சிங் மேலாப்புல படுமே ஒழிய பஞ்சுக்குள்ள இறங்காது, செத்த பூசணமும் அலர்ஜி குடுக்கும், நனைஞ்ச பஞ்சைத் தூக்கித்தான் போடணும்னாங்க. மூணாவது தடவை, "முதலாளி திருச்செந்தூர் போயிருக்காரு." நாலாவது தடவை, "முதலாளி சாப்பிடப் போயிருக்காரு." கண்ணாடிக்குப் பின்னால அவன் சட்டை எனக்குத் தெரியுது. அஞ்சாவது தடவையில இருந்து என் நம்பரை எடுக்கவே இல்ல. வீட்டுக்காரி போன்ல இருந்து கூப்பிட்டா எடுத்துட்டு, குரலைக் கேட்டதும் வச்சிருதான்.

இன்னைக்கு அந்த ஃபெல்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுப் போய் அவன் மேசையில வச்சேன். அவன் அதைப் பாக்கவே இல்ல. ஒரு பேப்பரை எடுத்து நீட்டுனான். "வண்டி உள்ளது உள்ளபடி ஒப்புக்கொண்டேன்"னு அச்சடிச்சிருக்கு, கீழ என் கையெழுத்து. பாக்கிப் பணம் குடுத்த அன்னைக்கு ஆர்சி மாத்த ஃபாரம் 29, 30-ன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குன கட்டுக்குள்ள அதையும் சொருகியிருக்கான். புள்ளைக்கு மூணு தடவை ஆவி வச்சிருக்கு அண்ணாச்சின்னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. "உங்க புள்ளைக்கு ஏற்கெனவே வீசிங் இருந்திருக்கும். அதுக்கு எங்க வண்டி என்ன பண்ணும்?" அவ தலையில கை வச்ச அதே ஆளு. கடைசியா, "வேணும்னா ஒண்ணு அறுபதுக்கு நானே எடுத்துக்கிடுதேன்"ன்னான். 3,85,000 ரூபாய்க்கு வாங்குன வண்டியை 1,60,000-க்கு. எடுத்து என்ன செய்வான்? திரும்பவும் சென்ட்டு அடிச்சு இன்னொரு புள்ளையைத் தூக்கி உக்கார வைப்பான். குடுக்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன்.

நிறைய எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

கண்ணாடியை ஏத்தி ஏசி போட்டுப் பத்து நிமிஷம் உள்ள உக்காருங்க. சென்ட்டு பாட்டில் இருந்தா கழட்டச் சொல்லுங்க. கழட்ட மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில கை விட்டுத் தடவிப் பாருங்க, மண் இருக்கான்னு. ஃப்ளோர் மேட்டை மட்டும் தூக்காதீங்க, அதுக்குக் கீழ இருக்கிறதையும் ஒரு ஓரமாத் தூக்கி அமுக்கிப் பாருங்க. மெக்கானிக் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க, எந்தத் தென்காசிப் பார்ட்டி வந்தாலும் சரி. ஓனர் மாறுன தேதியை ஆர்சியில பாருங்க, போன வருஷப் பாலிசியை வாங்கி கிளெய்ம் எடுத்திருக்கான்னு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல கேளுங்க. கையெழுத்துப் போடுற ஒவ்வொரு தாளையும் படிங்க.

வீட்ல சின்னப் புள்ளையோ வீசிங் உள்ளவங்களோ இருந்து, கார்ல ஏறுனா மட்டும் இருமல் வந்தா, சளின்னு விட்டுராதீங்க. டாக்டர்கிட்ட அந்த விஷயத்தைச் சொல்லுங்க.

1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன், புகாரைப் பதிஞ்சுக்கிட்டாங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாதாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணுமாம். பணம் குடுத்த ரசீது, ஆவி வச்ச சீட்டு, சேக்காளி பிரிக்கும்போது எடுத்த போட்டோ எல்லாத்தையும் எங்க கடையிலயே ரெண்டு செட்டு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். அந்த ஃபெல்ட்டையும் பையோட கட்டி மாடியில போட்டிருக்கேன். காலையில பத்து மணிக்கு வக்கீல் வரச் சொல்லியிருக்காரு.