முதல் இலக்கம் எங்கே? ஒன்பது ஆண்டு நாவ்டெக்ஸ் அனுபவம்

"அண்ணே, போனிலேயே காற்று வரைபடம் கலர் கலராக வருது. இன்னும் அந்த நாவ்டெக்ஸ் பெட்டியை எதுக்கு வெச்சிருக்கீங்க? நானும் ஒண்ணு வாங்கணுமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார், முதல் நீண்ட பயணத்துக்குத் தயாராகிறார். அவர் கேட்ட நேரத்தில்தான் நான் ஆன்டெனாவைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்து முடித்திருந்தேன். அதனால் சூடாகவே பதில் எழுதுகிறேன்.

நாவ்டெக்ஸ் என்பது கரை நிலையங்கள் கப்பல்களுக்கு வானொலியில் அனுப்பும் எழுத்துச் செய்தியை வாங்கும் கருவி. அதன் அடிப்படை கடலோடிகளுக்குத் தெரிந்ததுதான். 518 கிலோஹெர்ட்ஸ், கரையிலிருந்து 250 முதல் 400 கடல்மைல் வரை எட்டும், வானிலை எச்சரிக்கை தானாகவே அச்சாகும் அல்லது திரையில் வரும். சந்தா கிடையாது. நாம் தூங்கினாலும் அது கேட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் மிகக் குறைவாகவே குடிக்கும். ஒன்பது ஆண்டில் கருவி ஒரு நாளும் உறைந்து நின்றதில்லை. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

என் பிரச்சினை நட்சத்திரக்குறி.

நாவ்டெக்ஸ் ஒரு எழுத்தை ஏழு துடிப்புகளாக அனுப்புகிறது. அந்த ஏழில் நான்கு ஒரு வகை, மூன்று மறு வகை. வந்து சேரும்போது இந்த நான்குக்கு மூன்று கணக்கு பிசகினால், எழுத்து கெட்டுவிட்டது என்று கருவிக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு முறை, 280 மில்லிநொடி இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். முதல் தடவை கெட்டால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். இரண்டும் கெட்டால் அந்த இடத்தில் நட்சத்திரக்குறி போடும். தவறான எழுத்தை ஊகித்துப் போடுவதில்லை, தெரியாததைத் தெரியாது என்றே காட்டுகிறது. இந்த நேர்மையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த ஏற்பாடு பிறந்தது 1970களில், பால்டிக் கடலில். குளிர்ந்த கடல், இடி மின்னல் குறைவு. வெப்பமண்டலக் கடலில் நிலைமை வேறு. 518 கிலோஹெர்ட்ஸ் நடுத்தர அலை. மின்னல் வெட்டும்போதெல்லாம் அந்த அலைவரிசை முழுக்கச் சடசடவென்று இரைச்சல். ஒரு மின்னல் என்பது பல சமயம் அடுத்தடுத்துப் பல வெட்டுகள் சேர்ந்தது. 280 மில்லிநொடி இடைவெளி அதற்குப் போதாது, எழுத்தின் இரண்டு பிரதியும் அடிபடும். ஆக, வானம் கறுத்து எதை நம்புவது என்று தவிக்கும் நேரத்தில்தான் கருவியின் காது அடைத்துப்போகிறது. வெப்பமண்டலத்தின் வானொலி இரைச்சலை உத்தேசித்துத்தான் 4209.5 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர் அலைவரிசையையும் நாவ்டெக்ஸுக்கு ஒதுக்கினார்கள். என் கருவி அதைக் கேட்காது. வாங்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு சொல்லில் எழுத்து போனால் பரவாயில்லை, படித்துவிடலாம். எண்ணில் போனால்?

ஒரு இரவு, காவல் முறை எனக்கு. மணி இரண்டரை இருக்கும். தூரத்தில் மின்னல், நட்சத்திரங்கள் பாதி மறைந்திருந்தன. கருவி சத்தம் கொடுத்தது. தலைப்பில் இரண்டாவது எழுத்து 'பி'. அதாவது வானிலை எச்சரிக்கை. சாதாரண முன்னறிவிப்பாக இருந்தால் 'இ' வரும். கீழே பாதிச் சொற்கள் உடைந்து கிடந்தன. காற்று வடகிழக்கு என்பது தெரிந்தது. வேகம் இருக்கும் இடத்தில் முதல் இலக்கத்துக்கு நட்சத்திரக்குறி, அதை ஒட்டி 5, அப்புறம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்). டார்ச்சை அருகில் கொண்டுபோய்த் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஏதோ கண்ணாடியில்தான் அழுக்கு என்பதுபோல.

25 என்றால் பலத்த காற்று, காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6. பாயைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஓட்டலாம். 35 என்றால் சூறைக்காற்று, அளவு 8. சூறை என்ற பெயர் 34 நாட்டில் தொடங்குகிறது. 45 என்றால் 9. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 25க்கும் 35க்கும் இடையில் பாயின் மேல் விழும் விசை ஏறக்குறைய இரு மடங்கு. 45க்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல். அதோடு அறிக்கையில் வருவது சராசரி வேகம்தான், வீச்சுகள் அதையும் தாண்டிப் போகும். ஒரே ஓர் இலக்கம். எச்சரிக்கை என்பதால் 35 அல்லது 45 என்று நினைக்கலாம், ஆனால் சில நிலையங்கள் பலத்த காற்றுக்கும் 'பி' தலைப்பில் எச்சரிக்கை கொடுப்பதுண்டு.

சரி என்று பாரோமீட்டரைப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு இருந்ததைவிட ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்திருந்தது. வெப்பமண்டலத்துக்குப் புதியவர் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார். இங்கே அழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். பத்து மணி வாக்கில் உச்சம், நான்கு மணி வாக்கில் தாழ்வு, காலையிலும் அப்படி, இரவிலும் அப்படி. ஆகவே அந்த ஒரு புள்ளி வழக்கமான இறக்கம்தான். இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால்தான் புயலைச் சந்தேகிக்க வேண்டும். 5 குறைந்தால் அருகில் புயல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் புயல் பக்கத்தில் இல்லை. ஆனால் வெப்பமண்டலத்தில் சூறைக்காற்று புயலோடுதான் வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். அரபிக் கடலின் மேற்குப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று, எந்தப் புயலும் இல்லாமலே சூறை வேகத்தைத் தொடும். மெக்சிகோவின் டெவான்டபெக் வளைகுடாவில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் வழியாகப் பீறிட்டு வெளியேறும். வானம் நீலமாகத் தெளிவாக இருக்கும், கடலில் சூறை வீசும். அங்கெல்லாம் பாரோமீட்டர் பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. எழுத்தில் வரும் எச்சரிக்கைதான் ஒரே துணை. அந்தத் துணையில் முதல் இலக்கம் இல்லை.

தூங்கிக்கொண்டிருந்த இருவரையும் எழுப்பினேன். பாயை மூன்றாம் மடிப்பு வரை குறைத்தோம், முன் பாயை முழுக்க இறக்கினோம், மேல்தளத்தில் அசைவதையெல்லாம் கட்டினோம். ஒருவருக்குக் கயிறு உரசி உள்ளங்கைத் தோல் கிழிந்தது. விடியும்வரை காற்று 25ஐத் தாண்டவில்லை. பாய் போதாமல் படகு அலையில் உருண்டு உருண்டு எல்லாருக்கும் வயிற்றைப் புரட்டியது.

நாவ்டெக்ஸ் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். ஒரு வட்டம் முடிய நான்கு மணி நேரம். ஆறரை மணிக்கு அதே செய்தி முழுதாக வந்தது. 35 நாட், கடல் பகுதியின் வட பாதிக்கு மட்டும். நாங்கள் இருந்தது தென் பாதி. 'வட பாதி' என்ற சொற்களும் இரவில் உடைந்த வரியிலேயே இருந்திருக்கின்றன. முன்னறிவித்தவர்கள் அச்சு அசலாகச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

புயல் நிலவரத்தில் இது இன்னும் மோசம். மையம் இருக்கும் அட்சரேகையில் இரண்டாவது இலக்கம் போனால், பத்து டிகிரியா பத்தொன்பதா என்று தெரியாது. ஒரு டிகிரி 60 கடல்மைல். வித்தியாசம் 540 கடல்மைல். முன்னறிவிப்புப் பிழைக்காக முதல் நாளுக்கு 100, இரண்டாம் நாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 கடல்மைல் என்று, புயல் மையத்தைச் சுற்றிச் சூறை வீசும் வட்டத்துக்கு வெளியே விலக்கம் சேர்த்துக்கொள்வது மாலுமிகளின் வழக்கம். வட்டத்தின் மையமே எங்கே என்று தெரியாதபோது எதோடு சேர்ப்பது?

இப்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை நட்சத்திரக்குறிக்கும் மின்னல் காரணமில்லை. இந்தப் பழுதின்போதுதான் கண்டுபிடித்தேன். ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறு பெருக்கிப் பலகையில் உப்பு ஏறி, இணைப்பு முனை பச்சை பூத்திருந்தது. விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பலகையை மாற்றினேன். அப்புறம் படகின் மின்சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துச் சோதித்தேன். அறை எல்இடி விளக்கை அணைத்ததும் இரைச்சல் சட்டென்று இறங்கியது. சோலார் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி இன்னொரு குற்றவாளி. எத்தனையோ இரவுகள் அந்த எல்இடி வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் நட்சத்திரக்குறிகளைத் திட்டியிருக்கிறேன். ஆன்டெனாவை அவற்றிலிருந்து தள்ளி வைத்து, தரையிணைப்பைப் புதிதாகப் போட்டதும் பகலில் செய்திகள் சுத்தமாக வருகின்றன. மின்னல் இரவில் மட்டும் பழைய கதைதான்.

போன் வரைபடத்தைப் பற்றியும் தம்பி கேட்டார். அது கணினி மாதிரியின் படம். ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க வானிலை மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, படமும் அழகாக இருக்கிறது. ஆனால் கணவாய்க் காற்று போன்ற குறுகலான விஷயங்களை அது மழுப்பிவிடும், இடிமேகத்தின் அடியிலிருந்து திடீரென்று பாயும் காற்றை அதில் தேடவே வேண்டாம். எழுத்து அறிக்கையில், அந்தக் கடலைத் தினமும் பார்க்கும் ஒரு மனிதர் மாதிரியையும் செயற்கைக்கோள் படத்தையும் கப்பல்கள் அனுப்பிய தகவலையும் ஒப்பிட்டு, "இங்கே சூறை" என்று பொறுப்பேற்று எழுதுகிறார். எனக்கு அதுதான் பெரிது. அதே எழுத்து செயற்கைக்கோள் வழியாகவும் வருகிறது. உலகக் கடலை மெட்ஏரியா என்ற 21 வானிலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அறிக்கை தருகிறார்கள். அதில் மின்னலின் தொல்லை இல்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். வெப்பமண்டலத்தில் மட்டும் ஓட்டப்போகிறவர், ஒரு கருவி வாங்கத்தான் பணவசதி என்றால் செயற்கைக்கோள் வழியாக எழுத்து அறிக்கை வாங்கும் கருவிக்குப் போகட்டும். எப்படியும் நாவ்டெக்ஸ்தான் வேண்டும் என்றால் 4209.5ஐயும் கேட்கும் கருவியைப் பாருங்கள், உங்கள் வழியில் அந்த அலைவரிசையில் எந்த நிலையம் ஒலிபரப்புகிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டு.

என்னுடையதை நான் கழற்றப்போவதில்லை. புதுப் பலகை போட்ட கையோடு, பருவம் மாறுவதற்குள் ஆன்டெனா வயரையும் முழுதாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். எல்இடி விளக்கின் சுவிட்சுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: செய்தி வரும் நேரத்தில் அணைக்கவும்.