'லைசென்ஸ் வேண்டாம்' என்று விற்கும் 24 லிட்டர் பாயிலர்: வாங்கலாமா?

திருப்பூர் அயர்னிங் யூனிட், ஹோட்டல் சமையல்கூடம், கல்யாண மண்டபம், பன்னீர் போடும் பால் கூடம் என்று ஸ்டீம் கொஞ்சமாகத் தேவைப்படும் இடங்களில் எல்லாம் இப்போது நிற்பது நான்-ஐபிஆர் (இந்திய பாயிலர் விதிகளான ஐபிஆருக்கு உட்படாத) காயில் பாயிலர்தான்; சுருள் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் ஸ்டீமாகும் வகை. விற்பவர் மூன்று சொல்வார்: இன்ஸ்பெக்டர் வர வேண்டாம், லைசென்ஸ் பெற்ற ஆள் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் ஸ்டீம். மூன்றுமே உண்மைதான், ஆனால் முதல் இரண்டும் ஒரே ஒரு எண்ணில் தொங்குகின்றன.

அந்த எண் 25 லிட்டர். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2025 பாயிலர் சட்டத்திலும் அதே வரம்பு தொடர்கிறது. கொள்ளளவு 25 லிட்டருக்குள் இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் பாயிலர் இல்லை. பதிவு, ஆண்டுச் சான்று, அட்டெண்டன்ட் (பாயிலரை ஓட்டுபவர்) சான்றிதழ் எதுவும் அதற்குக் கிடையாது. அளவு எங்கிருந்து எங்கே என்பதுதான் சூட்சுமம். தண்ணீர் உள்ளே நுழையும் ஃபீட் செக் வால்வில் தொடங்கி ஸ்டீம் வெளியேறும் மெயின் ஸ்டீம் ஸ்டாப் வால்வு வரை உள்ள அத்தனையும் கணக்கில் வரும். ஸ்டீமிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டர் அந்த ஸ்டாப் வால்வுக்கு முன்னால் இருந்தால் அதன் கொள்ளளவும் சேரும். பெயர்ப் பலகையில் 24 என்று அடித்துவிட்டு, 6 லிட்டர் செபரேட்டரை வால்வுக்கு முன்னால் மாட்டினால் அது 30 லிட்டர் பாயிலர். பதிவு செய்யாமல் ஓட்டினால் குற்றம் உரிமையாளர் மேல்தான் விழும்.

சரிபார்க்க டேப்பும் கால்குலேட்டரும் போதும். 25 என்.பி. (குழாயின் பெயரளவு) ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) குழாயின் உள்விட்டம் 26.6 மி.மீ.; ஒரு மீட்டருக்கு 0.556 லிட்டர் பிடிக்கும். 40 மீட்டர் காயில் என்றால் 22 லிட்டர் சொச்சம். வரைபடத்தில் குழாய் அளவும் நீளமும் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 40 மீட்டர் குழாயின் வெளிப்பரப்பு சுமார் 4.2 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோ ஸ்டீமுக்கு அது தாராளம். அதே 24 லிட்டரில் மணிக்கு 600 கிலோ என்று சொல்லும் கொட்டேஷனைப் பார்த்தால், கொள்ளளவு பொய்யாக இருக்கலாம், இல்லாவிட்டால் சிம்னி வழியே டீசல் போகலாம்; கணக்கைக் கேட்டுச் சரிபாருங்கள். குழாயைச் சிறிதாக்கினால் பரப்பு கொஞ்சம் கூடும், ஆனால் ஆறு மடங்கு கூடாது.

100 கிலோ என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். '100 டிகிரி தண்ணீரிலிருந்து 100 டிகிரி ஸ்டீம்' என்று எடுத்த அளவு அது. 30 டிகிரித் தொட்டித் தண்ணீரை உள்ளே விட்டு 7 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்தில் ஸ்டீம் எடுத்தால் கையில் கிடைப்பது 85 கிலோதான். முழு லோடில் மணிக்கு ஏழரை லிட்டர் டீசல் ஆகும். எல்பிஜி என்றால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே 19 கிலோ சிலிண்டரில் அந்த வேகத்துக்கு வாயு எழாது; சிலிண்டர் வியர்த்து, பனி பிடித்து, பர்னர் லாக்-அவுட் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். பல சிலிண்டர்களை மேனிஃபோல்டில் (பொதுக் குழாயில்) கோக்க வேண்டும், அல்லது எல்பிஜியைச் சூடாக்கி வாயுவாக்கும் வேப்பரைசர் வைக்க வேண்டும். கொட்டேஷனில் இந்தச் செலவு வராது.

காயில் பாயிலரைக் கொல்வது தண்ணீர். 400 பிபிஎம் (லிட்டருக்கு 400 மில்லிகிராம்) கடினத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீரை மணிக்கு 100 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் விட்டால், ஒரு நாளில் காயிலுக்குள் நுழையும் கடின உப்பு 320 கிராம். பெரிய கலனில் தண்ணீர் நிற்கும் டிரம் பாயிலரில் அதில் ஒரு பகுதி சேறாக அடியில் படிந்து புளோ-டவுனில் (அடித் தண்ணீரைத் திறந்துவிடும்போது) போகும். இங்கே தண்ணீர் ஒரே ஓட்டத்தில் ஆவியாவதால் குழாயின் உள்சுவரிலேயே காரையாக ஒட்டும். குழாய் சூடேறி, வளைவில் புடைத்து, பிறகு பின்ஹோல் (ஊசித் துளை). அதனால் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் இல்லாமல் இந்தப் பாயிலரை வாங்குவதே தவறு. அதில் 25 லிட்டர் ரெசின் (கடின உப்பைப் பிடிக்கும் மணிகள்) இருந்தால் மேலே சொன்ன தண்ணீருக்கு நாலு நாள் தாங்கும். மூன்றாம் நாள் முடிவிலேயே நாலு கிலோ உப்புப் போட்டு ரெசினை ரீஜெனரேட் செய்து (புதுப்பித்து) விடுங்கள். வெளியே வரும் தண்ணீர் 5 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று தினமும் சொட்டு கிட்டில் பார்க்க வேண்டும். டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) மீட்டர் இதற்கு உதவாது. சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைப்பதில்லை.

காயில் அடைக்கிறதா என்று பாயிலரே சொல்லும். பம்ப் டெலிவரி கேஜுக்கும் ஸ்டீம் கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிதாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால், கூடவே சிம்னி வெப்பமும் ஏறினால், ஆசிட் கழுவல் நேரம் வந்துவிட்டது. இன்ஹிபிட்டர் (இரும்பு அரிக்காமல் காக்கும் மருந்து) சேர்த்த ஆசிட், பிறகு சோடா ஆஷ் கரைசல், பிறகு நல்ல தண்ணீர். வெறும் ஆசிடை ஊற்றும் ஆளை உள்ளே விடாதீர்கள், காரையோடு குழாயும் கரையும்.

பாராட்ட வேண்டியது தொடங்கும் வேகம். காலை இட்லிக்கும் அயர்ன் டேபிளுக்கும் இதைவிட வசதி இல்லை. ஆனால் உள்ளே சேமிப்பே கிடையாது. நாலு அயர்ன் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் 6 கிலோவிலிருந்து 3 கிலோவாக இறங்கும், ஈர ஸ்டீம் துணியில் கறை போடும். சாயப்பட்டறைக்கு இது சரிப்படாது. அங்கே மூன்று பாஸ் (புகை மூன்று முறை சுற்றி வரும்) ஐபிஆர் பாயிலரும் சான்று பெற்ற அட்டெண்டன்டும்தான் கணக்கு.

'சின்ன பாயிலர், வெடித்தாலும் ஒன்றும் ஆகாது' என்பது விற்பனைப் பேச்சு. 7 கிலோவில் தண்ணீர் 170 டிகிரி. 24 லிட்டரும் தண்ணீராகவே இருப்பதாக வைத்தால், குழாய் கிழிந்த கணத்தில் அதில் சுமார் 13 சதவீதம் ஆவியாகி ஏறக்குறைய நாலே முக்கால் கன மீட்டர் ஸ்டீமாக விரியும். சின்ன அறையில் நிற்பவருக்கு அது போதும்.

செபரேட்டரை ஸ்டாப் வால்வுக்குப் பின்னால் வைத்தால் பாயிலர் சட்டத்திலிருந்து தப்பும், ஆனால் அது தனி அழுத்தக் கலன் ஆகிவிடும். தொழிற்சாலை விதிகள் பொருந்தும் இடத்தில் தகுதி பெற்ற நபர் அவ்வப்போது பரிசோதித்து அறிக்கை தர வேண்டியிருக்கலாம். இதைச் சொல்லி விற்பவர் அரிது.

டெலிவரி எடுக்கும் நாளில் காயிலை 10.5 கிலோவுக்குக் குளிர்ந்த தண்ணீரால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்கணும். சேஃப்டி வால்வுக்கும் பாயிலருக்கும் நடுவில் எந்த வால்வும் இருக்கக் கூடாது, வெளியேற்றக் குழாய் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் போகணும். குழாய் அதிகம் சூடானால் பர்னரை நிறுத்தும் காயில் தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்கிறார்களா என்று பேனலைத் திறந்து பாருங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதற்காக மெக்கானிக்குகள் செய்யும் முதல் வேலை அதுதான், டிரிப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் காயிலுக்குள் படிந்த காரை.