தன்னார்வலர் என்று கூப்பிட்டு வசூலுக்கு அனுப்புகிறார்கள்: கல்லூரி மாணவர்கள் கவனிக்க

கல்லூரி லீவு விட்டதும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி போஸ்டர்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘வீட்டிலிருந்தே சமூக சேவை, ஒரு மாத இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட் உண்டு.’ குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பது, போஸ்டர் டிசைன், கட்டுரை எழுதுவது என்று வேலைப் பட்டியல் அழகாகவே இருக்கும். கூகுள் ஃபார்மை நிரப்பினால் அன்று மாலையே ஆஃபர் லெட்டர். உங்களுக்கு என்ன தெரியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து ‘பயிற்சி’ என்று ஒரு ஆன்லைன் மீட்டிங். அதில் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: உங்கள் போனில் இருக்கும் நம்பர்களைப் பிரிப்பது. சொந்தக்காரர்கள் ஒரு பட்டியல், அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் ஒரு பட்டியல், பழைய டீச்சர்கள் ஒரு பட்டியல். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு ரெடிமேட் மெசேஜ், கூடவே உங்கள் பெயர் போட்ட வசூல் லிங்க். பாடம் எடுக்கும் வேலை எங்கே என்று கேட்டால், ‘முதல் கட்டம் முடிந்ததும்’ என்பார்கள். டார்கெட்டை முடிக்காதவருக்கு அந்தக் கட்டம் வருவதே இல்லை, சர்டிபிகேட்டும் வராது. தினமும் ராத்திரி யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று குழுவில் பட்டியல் போட்டு மானத்தை வாங்குவதும் உண்டு. சில இடங்களில் வசூலில் ஒரு பங்கை ‘ஸ்டைபண்ட்’ என்று தருகிறார்கள். அதற்குச் சரியான பெயர் கமிஷன்.

நிதி திரட்டுவது தப்பான வேலை இல்லை. நேர்மையான அமைப்புகளுக்கும் அது தேவைதான். ஆனால் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர் கேட்டால் உங்கள் மாமா பத்து ரூபாய் தரமாட்டார்; நீங்கள் கேட்டால் ஆயிரம் தருவார். அந்த நம்பிக்கைதான் இவர்களுக்கு வேண்டிய சரக்கு. நாளைக்குப் பணம் எங்கே போனது என்று கேள்வி வந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது சுலபம். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். டிரஸ்ட் பெயருக்குப் பதில் தனி ஆள் பெயர் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். ‘80ஜி வரிவிலக்கு உண்டு’ என்று, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும் என்று, சொல்லச் சொல்வார்கள். அதற்கு வருமான வரித்துறையின் பதிவு வேண்டும். நன்கொடையாளரின் பான் எண்ணை வாங்கி, நிதியாண்டு முடிந்தபின் அதற்கான படிவத்தில் சான்று தர வேண்டும். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்த விலக்கே கிடையாது. ‘தர்பன் ஐடி இருக்கிறது’ என்பதும் பெரிய அத்தாட்சி இல்லை. தர்பன் என்பது தொண்டு அமைப்புகளைப் பட்டியலிடும் நிதி ஆயோக்கின் இணையதளம்; அதில் அமைப்புகள் தாங்களே பதிந்துகொள்கின்றன. அரசு சோதித்துக் கொடுத்த நற்சான்று அல்ல அது.

குழந்தைகள் இல்லங்களில் இன்னும் கவனம் வேண்டும். எந்த விசாரணையும் இல்லாமல் உங்களை உள்ளே விட்டு, குழந்தைகளோடு செல்ஃபி எடுத்துப் போடச் சொல்லும் இல்லம் நல்ல இல்லமாக இருக்க வாய்ப்பு குறைவு. சிறார் நீதிச் சட்டம், 2015இன்படி இல்லத்துக்குப் பதிவு கட்டாயம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

சேரும் முன் மூன்றே கேள்வி, எழுத்தில் பதில்: முதல் வாரம் நான் செய்யப்போகும் வேலை என்ன? யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும்? வசூல் டார்கெட் உண்டா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணம், ஐடி கார்டு கட்டணம் என்று முன்பணம் கேட்டாலும் அப்படியே. அரசின் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்களே தவிர, யாரிடமும் வாங்கவில்லை.

உங்களுக்கு ஒத்துவரும் வேலை பெரும்பாலும் போஸ்டரில் வருவதில்லை. எழுத்து வேகமும் பொறுமையும் இருந்தால் பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கலாம். உங்கள் படிப்பு எந்த அளவில் இருக்கலாம் என்று தேர்வு நடத்துபவர் விதி வைத்திருப்பார், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்து தரலாம். சர்டிபிகேட்தான் முக்கியம் என்றால் கல்லூரி என்எஸ்எஸ் போதும்: இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், 7 நாள் முகாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் குழுவை விட்டு வெளியேறலாம். ‘ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போட்டாய், கல்லூரிக்குச் சொல்வோம், நோட்டீஸ் வரும்’ என்று மிரட்டுவார்கள். முடிக்காத டார்கெட் நீங்கள் பட்ட கடன் அல்ல. வெளியேறும் முன் மெசேஜ்களையும் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். உங்கள் பேச்சை நம்பிப் பணம் போட்டவர்களிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மோசடி என்று உறுதியானால், பணம் அனுப்பியவர் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடும், பிறகு மடக்குவது கஷ்டம்.