படகுக்குப் புதிய குடிநீர் டேங்க்: எது தேறும், எது தேறாது

பழைய டேங்க் ஒழுகத் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது எத்தனை லிட்டர் என்றுதான். அதற்கு முன் டேப்பை எடுத்து வழியை அளக்க வேண்டும். பல படகுகளில் மேல்தளத்தை மூடுமுன்பே டேங்கை உள்ளே வைத்துவிடுவார்கள். பழையதை உள்ளேயே அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துவிடலாம், புதியதை அப்படி உள்ளே அனுப்ப முடியாது. இறங்கும் வாசல், இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியின் வாய், நடுவே குறுக்கிடும் சட்டம் ஆகியவற்றில் எது மிகக் குறுகலோ அது விடும் அளவுதான் உங்கள் டேங்க். அட்டையில் ஒரு மாதிரி செய்து உள்ளே கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். ஃபிட்டிங்குகள் வெளியே நீட்டும் நீளத்தையும் அட்டையில் சேர்த்து ஒட்டுங்கள். ஹோஸ் வளைய இடமில்லாமல் திரும்பிப்போகும் டேங்குகள்தான் அதிகம்.

கொள்ளளவுக் கணக்கு எளிது: நீளம், அகலம், உயரத்தை செ.மீ-ல் பெருக்கி 1000-ஆல் வகுக்கலாம். 100 × 50 × 40 என்றால் 200 லிட்டர். மூலைகள் வளைந்திருப்பதாலும் உறிஞ்சுகுழாய் அடிவரை எட்டாததாலும் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. 200 லிட்டர் என்றால் 200 கிலோ எடையும்கூட. அதை அணியத்தில் (படகின் முன்முனையில்) வைத்தால் படகு மூக்கைக் குத்திக்கொண்டு ஓடும். நடுவில், கீழே, இரண்டு பக்கமும் சமமாக வைப்பதே சரி. முடிந்தால் ஒரே பெரிய டேங்குக்குப் பதில் இரண்டு சிறியவை வாங்கி நடுவில் வால்வு போடுங்கள். ஒன்றில் கெட்ட தண்ணீர் ஏறிவிட்டாலும் மற்றொன்று மிஞ்சும்.

பொருள் விஷயத்தில் எங்கள் முதல் தேர்வு, ஒரே வார்ப்பாக வரும் கெட்டியான பாலிஎத்திலீன் டேங்க். துருவில்லை, பற்றவைப்பில்லை, விலையும் அடக்கம். 100 லிட்டருக்கு மேல் போனால் சுவர் 6 மி.மீ-க்குக் குறையாமல் இருக்கட்டும். குடிநீருக்கு ஏற்றது என்ற சான்று கட்டாயம் கேளுங்கள். தொழிற்சாலைக்கெனச் செய்யும் டேங்குகளும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். குறையும் உண்டு. இதில் சாதாரணப் பசையோ சிலிகானோ பிடிக்காது, அதனால் கடையிலேயே துளையும் ஃபிட்டிங்கும் சரியான இடத்தில் வைத்து வாங்குவது நல்லது. வீட்டில் துளைபோட நேர்ந்தால் தட்டையான முகத்தில் மட்டும் போடுங்கள். பித்தளை ஃபிட்டிங்கைப் பிளாஸ்டிக் மரைக்குள் ஸ்பேனரால் இறுக்கினால் மரை பிளக்கும். பிளாஸ்டிக் ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, பிறகு அரைச் சுற்று போதும்.

துணியும் ரப்பரும் சேர்ந்த மடிப்பு டேங்க் (பிளாஸ்டிமோ, வெட்டஸ் போன்றவை விற்பது) சிறிய வாய் வழியாகச் சுருட்டி நுழைக்கவே பிறந்தது. கோணல் இடம், குறுகிய வாய் என்றால் அதை எடுக்கலாம். மற்ற இடத்தில் எடுக்காதீர்கள். அரைவாசி நிறைந்த நிலையில் அலையோடு அது நகர்ந்துகொண்டே இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு திருகு, தேய்க்காமல் விட்ட ஃபைபர் விளிம்பு போதும், பை ஓட்டையாக. நான்கு மூலைக் கண்களையும் கட்டி, அடியில் வழுவழுப்பான விரிப்பு போட்டால்தான் நிலைக்கும். உள்ளே கைவிட்டுத் துடைக்க வழியே இல்லை என்பதுதான் பெரிய குறை.

எஃகு என்றால் 316எல் என்ற துருப்பிடிக்காத தரம் மட்டும். 304 தரத்தில் உப்புக் காற்றும் குளோரினும் சேர்ந்து வெல்டிங் ஓரத்தில் ஊசித் துளை போடும். வெல்டிங்கின் நீலக் கறையை அமிலத்தால் போக்கித் தரச் சொல்லுங்கள், 0.2 பார் காற்றழுத்தத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபின் வாங்குங்கள். பெரிய டேங்கில் தண்ணீர் குலுங்குவதை அடக்கும் தடுப்புத் தகடுகள் வேண்டும், ஆனால் ஒவ்வொரு அறைக்கும் கைவிட்டுத் துடைக்கத் தனி கைத்துளை இல்லையென்றால் சேறு உள்ளேயே தங்கும். அலுமினியம் வேண்டாம், குழி விழும்.

கெட்டியான எந்த டேங்கானாலும் கைத்துளையின் விட்டம் குறைந்தது 150 மி.மீ. முழங்கைவரை நுழையாத துளை சும்மா அழகுக்கு.

டேங்கின் காற்றை வெளியே விடும் வென்ட் குழாயில்தான் ஏமாறுவார்கள். நிரப்பும் குழாய் 38 மி.மீ, வென்ட் 12 மி.மீ என்று விட்டால், தண்ணீர் வேகமாக ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் நிரப்பும் வாயிலிருந்து எச்சில் துப்பும். இன்னொன்றும் கவனியுங்கள்: நிரப்பும் குழாய் டேங்கின் மேல்தட்டுக்கு மேல் 1.5 மீட்டர் ஏறி, தண்ணீர் அதுவரை நின்றால், 100 × 50 செ.மீ மேல்தட்டைச் சுமார் 750 கிலோ விசை உள்ளிருந்து தள்ளும். பிளாஸ்டிக் டேங்க் உப்புவதும், கைத்துளை மூடி கசிவதும் இதனால்தான். வென்ட் 19 மி.மீ இருக்கட்டும். அதன் வாயை உயரத்தில் வளைத்து, பூச்சி நுழையாத வலை வைத்து, கடல்நீர் அடிக்காத இடத்தில் விடுங்கள். உறிஞ்சுகுழாய் அடியிலிருந்து 1–2 செ.மீ மேலே நிற்கட்டும்.

தண்ணீர் மட்டம் காட்டும் அளவுமானி வாங்கும்போது அதன் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். அமெரிக்க வகை 240–33, ஐரோப்பிய வகை 10–180. கலந்து போட்டால் முள் தலைகீழாகக் காட்டும்.

பொருத்தும்போது அடிப்பாகம் முழுவதும் தாங்கும் பலகை வேண்டும். இரண்டு சட்டத்தின் மேல் தொங்கும் டேங்க் தொய்யும். பாலிஎத்திலீன் நிறைந்ததும் சற்று உப்பும், பக்கத்தில் விரலிடை விடுங்கள். 50 மி.மீ பட்டை கொண்டு கட்டுங்கள். எஃகுக்கு அடியில் ஈரம் தங்கும் கம்பளம் வேண்டாம், ரப்பர் பட்டைகள் போதும். டேங்கின் உடம்பு ஒளியூடுருவும் வகையானால் மூடி வையுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

பலகைகளை மூடுமுன் நிரப்பி ஓர் இரவு விட்டு, எல்லா இணைப்பிலும் உலர்ந்த காகிதம் சுற்றிப் பாருங்கள். பிறகு மணம் சேர்க்காத 5 சதவீத பிளீச், லிட்டருக்கு 1 மி.லி, 200 லிட்டருக்கு 200 மி.லி. குழாய்களைத் திறந்து பிளீச் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடி, 4 மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள். மணம் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசியபின் குடிக்கலாம்.