3,800 ரூபாய்க்கு வெறும் கண்ணாடி: லென்ஸ் ஃபில்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கல்யாண வேலை எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆறப்போட்டு எழுதவும் மனசில்லை.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் விடியற்காலை ஷூட். ஒரு பக்கம் பெண் கடல் என்று இங்கே சொல்கிற வங்கக் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா, காற்றடித்தால் இரண்டு பக்கமும் உப்புச் சாரல். லென்ஸைக் காப்பாற்ற, அதன் முன்னால் திருகி மாட்டுகிற 77 மி.மீ. யூவி ஃபில்டர் கண்ணாடி வாங்க டவுனில் ஒரு கேமரா கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கடைக்காரர் 900 ரூபாய் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தார். "அண்ணே, உங்களுக்குப் போய் மட்டமானதைக் கொடுப்பேனா? இது மல்டி கோட்டிங். உப்பு ஒட்டாது, ஃபிளேர் வராது, துடைக்கவே வேண்டாம்." மல்டி கோட்டிங் என்றால் வெளிச்சம் பட்டுத் திரும்பாமல் இருக்கக் கண்ணாடி மேல் பல அடுக்காகப் போடுகிற மெல்லிய பூச்சு. ஃபிளேர் என்றால் எதிர் வெளிச்சம் படத்தில் தேவையில்லாமல் விழுவது. டீ வேறு வரவழைத்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான், அந்த உரிமையோடு பேசினார். 3,800 ரூபாயை எண்ணி வைத்தேன்.

சூரியன் கடலை விட்டு மேலே வந்தது. படத்தில் இடது மேல்மூலையில் சூரியன். வலது கீழ்மூலையில், பொண்ணு கட்டியிருந்த பட்டுச்சேலை மேல், பச்சையாக இன்னொரு சூரியன்! ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்று எடுத்தால் சூரியன் ஒன்றுதான்.

கடையில் இரண்டு படத்தையும் காட்டினேன். "உப்பு படிஞ்சிருக்கும்ணே, நீங்க துடைக்கல" என்றார். துடைக்கவே வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! அழுக்கோ உப்போ இருந்தால் படம் முழுக்க வெளுத்துப்போகும், கறுப்பு கறுப்பாக இருக்காது. எதிர்மூலையில் தனியாக ஒரு சூரியனைப் போடாது. கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஃபில்டர் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருவதால்தான் அது விழுகிறது. கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி விடும். நல்ல மல்டி கோட்டிங்கில் அது 1 சதவீதத்துக்கும் கீழே.

அவர் கடை டியூப்லைட்டுக்குக் கீழேயே பிடித்துக் காட்டினேன். என் லென்ஸ் கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பம் மங்கலாக, பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தது. 3,800 ரூபாய் ஃபில்டரில் பளிச்சென்று வெள்ளையாக. 900 ரூபாய் ஃபில்டரிலும் அதே வெள்ளை. "அது புது டெக்னாலஜிண்ணே" என்கிறார்! அப்புறம் "மரை திருகின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். அப்புறம் "முதலாளி மதுரை போயிருக்காரு". இப்போது போனே எடுப்பதில்லை. பில்லில் 'ஃபில்டர் - 1' என்று மட்டும் இருக்கிறது.

அவசரமாகச் சில விஷயம். வாங்கும்போதே டியூப்லைட் சோதனையைச் செய்யுங்கள். கோட்டிங் விவரத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெயிலுக்கு எதிரே எடுக்கும்போதும், ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். காய்ந்த உப்பை வேட்டி முனையால் தேய்க்காதீர்கள், கோட்டிங்கில் கீறல் விழும். முதலில் காற்றடிக்கிற புளோயர், பிறகு ஈர மைக்ரோஃபைபர் துணி. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படியே தவறு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். 3,800 ரூபாய் வந்தால் சொல்கிறேன்.